ஒன்றரைக் கிலோமீட்டர் கம்பி

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றி ஊருக்கு ஊர் பொங்கல்தான். மேலூர்ப் பக்கமோ திருமங்கலம் பக்கமோ சோழவந்தான் பக்கமோ, காளியம்மனுக்கு முளைப்பாரி எடுக்கும் நாட்களில் ஒரு ராத்திரி மந்தையில் மேடை போட்டிருப்பார்கள். தெரு முழுக்க சீரியல் செட், உயரத்தில் குழாய் ஸ்பீக்கர், பின்னால் புகை கக்கும் ஜெனரேட்டர், மேடையில் மெல்லிசைக் குழு. பாட்டின் நடுவில் கிதார்காரர் பெடலை மிதிக்கிறார். அடுத்து வரவேண்டியது டிஸ்டார்ஷன் போட்ட அந்த முரட்டுச் சத்தம். ஆனால் கம்பியில் விரல் படுவதற்குள் பெட்டியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் ஏறிவிடுகிறது. ரேடியோ செட்டுக்காரர் முறைக்க, கிதார்காரர் வால்யூமைத் திருகிக் குறைக்கிறார்.

அந்த உறுமலுக்கு ஒரு சுருதி உண்டு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஆகியவையும்தான் உறுமலாகக் காதில் விழுகின்றன. ஹார்மோனியத்தில் ஐந்து கட்டை என்று சொல்லும் ஸ்வரத்தைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போனால் 49 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். ஆக, நம் ஊர்க் கரண்ட் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே பாடுகிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அது ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நட்டநடுவில், எந்தக் கட்டையிலும் சேராமல் நிற்கிறது. 2013 டிசம்பர் 31 வரை தென்னிந்திய மின்தொகுப்பு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அன்றுதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக அதை வடக்கோடு சேர்த்து ஓடவிட்டார்கள். அன்றிலிருந்து மதுரையில் ஒரு கிதார் உறுமினாலும் டெல்லியில் ஒன்று உறுமினாலும் ஒரே சுருதிதான். ஜெனரேட்டருக்கு மாறினால் மட்டும் எஞ்சின் திணறும்போதெல்லாம் சுருதி தளும்பும்.

இந்த உறுமலைக் கிதாருக்குள் அழைத்து வருவது பிக்கப். கம்பிகளுக்கு நேர் கீழே, சோப்புக்கட்டியைவிடச் சின்னதாகப் பதிந்திருக்கும் அந்தக் கறுப்புப் பட்டை. மெட்டல் மாதிரியான கனத்த இசை வாசிக்க ஆசைப்படுகிற பையன்கள் முதலில் மாற்ற நினைப்பதும் அதைத்தான். 'இன்னும் சூடான பிக்கப் போடணும்' என்பார்கள். சூடு என்றால் வெளிவரும் மின்னழுத்தம் அதிகம் என்று பொருள். பெரும்பாலும் அது வீண் செலவு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல, அந்தப் பட்டைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் மட்டுமே. பிக்கப்புக்குக் காற்றில் வரும் ஒலி கேட்காது. அது மைக் இல்லை. கீழே இருக்கும் காந்தம் மேலே இருக்கும் எஃகுக் கம்பியையும் ஒரு குட்டிக் காந்தமாக்கிவிடுகிறது. கம்பி அதிரும்போது அந்தக் குட்டிக் காந்தமும் சேர்ந்து ஆடுகிறது. காந்தப்புலம் மாறினால் பக்கத்தில் இருக்கும் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்தார். நூறு ஆண்டு கழித்து, 1930-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் அதையே கிதார் கம்பிக்குக் கீழே வைத்தார். ரிக்கன்பேக்கர் விற்ற அந்த முதல் கிதார் வாணலி வடிவில் இருந்ததால் அதற்கு வாணலி என்றே பட்டப்பெயர். பேட்டரி இல்லை, கரண்ட் இணைப்பு இல்லை. விரல் கொடுத்த தள்ளலே மின்சாரமாகிறது. சில பத்து மில்லிவோல்ட்டிலிருந்து சில நூறு மில்லிவோல்ட் வரை வரும்.

சுருளில்தான் வேலைப்பாடு. மதுரையில் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் விவசாயி முதலில் ஓடும் இடம் அது. எனாமல் பூசிய செம்புக் கம்பியைக் கேஜ் பார்த்து எடுத்து, சுற்று எண்ணி, பள்ளத்தில் திணித்துக் கட்டுவார்கள். பிக்கப்பில் இருப்பதும் அதே எனாமல் கம்பிதான், ஆனால் 0.063 மில்லிமீட்டர் கனம். தலைமுடியைவிட மெலிசு, மூச்சு வேகமாக விட்டாலே ஆடும், கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும். ஹம்பக்கர் என்கிற இரட்டைச் சுருள் பிக்கப்பின் பழைய இலக்கண வடிவத்தில் ஒவ்வொரு சுருளிலும் ஏறத்தாழ 5,000 சுற்று. இரண்டையும் பிரித்து நீட்டினால் ஒன்றரைக் கிலோமீட்டர் வரும். மதுரை ரயில் நிலைய வாசலில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நடந்தால் மீனாட்சியம்மன் கோயில் மேலக்கோபுரம் வந்த பிறகும் கையில் கம்பி மிச்சமிருக்கும்.

பிக்கப் விற்கிறவர்கள் பெட்டியில் பெரிதாகப் போடுவது இந்தக் கம்பியின் மின்தடையை. 8 கிலோ ஓம் என்றால் சாதாரணம், 13 என்றால் சூடு, 16 என்றால் கொதிப்பு என்று ஒரு நம்பிக்கை. மல்ட்டிமீட்டரைத் தொட்டால் கிடைத்துவிடும் எண் என்பதால் இது பரவிவிட்டது. ஆனால் அதே சுற்று எண்ணிக்கையை இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றினால் ஓம் ஏறும். அதற்காக வெளிவரும் மின்னழுத்தம் ஏறிவிடாது. இதைவிட வேடிக்கை, செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டிய பிக்கப், சித்திரை மாதத்து 40 டிகிரி மதுரையில் 8.6 காட்டும். வெயிலில் வைத்ததாலேயே ஒருவனுடைய பிக்கப் சூடாகிவிட்டதென்றால் அந்த அளவுகோலை எவ்வளவு நம்பலாம்?

இனி உறுமலுக்கு வருவோம். ஒரே சுருள் கொண்ட பிக்கப் ஓர் ஆன்டெனாவும்கூட. டிரான்ஸ்ஃபார்மர், சீரியல் செட், டியூப் லைட் சோக், மின்விசிறி ரெகுலேட்டர் எல்லாவற்றிலிருந்தும் கசியும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைப் பாரபட்சமில்லாமல் உறிஞ்சிக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955-இல் இதற்கு ஒரு வழிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1959-இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த பிக்கப்புகளின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறது' என்று ஒட்டியிருந்த சின்னத் துண்டுச் சீட்டுக்காகவே இன்று சேகரிப்பாளர்கள் லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள்.

லவரின் யோசனை எளிமையானது, அழகானது. இரண்டு சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கொன்று எதிராக இணைத்துவிட்டார். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் ஒரே மாதிரி விழும். எதிரெதிராக இணைத்ததால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். அப்படியானால் கிதார் ஒலியும் அடிபட்டுப் போகாதா? போகாது. ஏனென்றால் இரண்டாவது சுருளுக்குள் இருக்கும் காந்த முனையையும் அவர் தலைகீழாகத் திருப்பிவிட்டார். கம்பியின் அதிர்வு காந்தத்தின் வழியாக வருவது; அங்கே ஒரு தலைகீழ், இணைப்பில் ஒரு தலைகீழ், இரண்டும் சேர்ந்து நேராகிவிடுகிறது. உறுமலுக்கு ஒரே ஒரு தலைகீழ்தான். கொசுறாக, கம்பியை ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் கேட்பதால் சில மேல் அதிர்வுகள் கழிந்து, ஒலி தடிப்பாகிறது. கனத்த இசைக்காரர்கள் ஹம்பக்கரை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இந்தத் தடிப்பும் ஒரு காரணம்.

ஓர் எச்சரிக்கை. ஹம்பக்கர் காந்தப்புலமாக வரும் உறுமலை மட்டுமே விழுங்கும். மேடையில் எர்த் சரியாகப் போடாமல் வரும் 'ஜிர்ர்' என்ற சத்தத்துக்கு எந்த ஊர் பிக்கப்பும் மருந்தாகாது. அதற்குச் செய்ய வேண்டியது எர்த் கம்பி இறக்கித் தண்ணீர் ஊற்றுவது.

இப்போது கெயின், அதாவது ஆம்ப்ளிஃபையர் சிக்னலைப் பெருக்கும் அளவு. டிஸ்டார்ஷன் என்பது அலையின் தலையை வெட்டுவது. ஆம்ப் சிக்னலை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்குகிறது. ஓர் அளவுக்கு மேல் ஏற இடமில்லாததால் அலையின் உச்சி தட்டையாகிறது. இதனால் பெரிய சத்தமும் சின்னச் சத்தமும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. விரல் கம்பியில் உரசும் சத்தம், பிக் படும் 'டிக்', பக்கத்துக் கம்பியின் முனகல், மிச்சமிருக்கும் உறுமல், எல்லாவற்றுக்கும் மேடையில் சம நாற்காலி. தலைமடையில் கலங்கிய தண்ணீர் கடைமடை வயல் வரைக்கும் கலங்கல்தான். பிக்கப் உட்கார்ந்திருப்பது தலைமடையில்.

வெட்டுப்பட்ட அலையில் இன்னொரு விசித்திரம் நடக்கிறது. இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்து ஆம்ப்புக்குள் அனுப்பினால், அவற்றின் வித்தியாசமும் கூட்டுத்தொகையும் புதிய ஸ்வரங்களாக வெளியே வருகின்றன. கிதாரின் அடிக்கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு மேலே பஞ்சமத்தைப் பிடித்தால் அது 123.5. வித்தியாசம் 41.1. அதாவது ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஸட்ஜம், யாரும் மீட்டாமலே. கிதாரில் இல்லாத ஒரு கம்பி பேசுகிறது! மெட்டல் இசைக்காரர்கள் பவர் கார்டு என்று சொல்வது இந்த ஸ–ப ஜோடியைத்தான். நம் தம்புராவும் அதே ஜோடியில்தான் நிற்கிறது என்பதைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியவில்லை. பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தைப் பிடித்துப் பாருங்கள். கிதாரின் ஃப்ரெட்டில் அது 103.8 ஹெர்ட்ஸில் விழும், வித்தியாசம் 21.4. சுருதியோடு சேர வேண்டுமென்றால் அது 20.6 ஆக இருந்திருக்க வேண்டும். சேராத அந்தக் கீழ்ச்சத்தம் மற்றதையெல்லாம் குதறிவிடும். கெயின் ஏற ஏற காந்தாரம் ஒதுங்கிப் பஞ்சமம் மட்டும் நிற்பது ரசனையால் மட்டும் நடந்ததல்ல, பெருக்கல் கணக்கும் அப்படித் தள்ளியது.

அப்படியிருக்க, 'சூடான' பிக்கப் மேல் இந்த மோகம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு நியாயமான காலம் இருந்தது. 1970 வாக்கில் ஆம்ப்புகளுக்கு இன்றைய கெயின் கிடையாது; ஆம்ப்பின் வால்வு அலையை வெட்ட வேண்டுமென்றால் வால்யூமைக் கடைசி வரை திறக்க வேண்டும், அல்லது கிதாரிலிருந்தே பலமாகத் தள்ள வேண்டும். லாரி டிமார்ஸியோ 1972-இல் கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற மாற்றுப் பிக்கப் அந்தத் தள்ளலைக் கொடுத்தது. பழைய பிக்கப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றை வாங்கிப் போடும் வியாபாரமே அதோடுதான் சூடு பிடித்தது. பிறகு ஆம்ப்புகள் மாறின. ஒன்றன்பின் ஒன்றாகக் கெயின் அடுக்கிய ஆம்ப்புகள் வந்துவிட்டன. இன்று கைக்கடக்கமான ஒரு பெடலிலேயே தேவைக்கு மேல் கெயின் இருக்கிறது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

சூடில்லாமலும் கனம் வரும் என்பதற்கு மெட்டலின் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பிளாக் சபாத் குழுவின் கிதார்காரர், பர்மிங்காமின் டோனி அயோமி தொழிற்சாலையில் விரல் நுனிகளை இழந்தவர். அந்தக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு நடந்தபோது அவருடைய ஃபெண்டர் கிதாரின் பிக்கப் செத்துப்போனது. கைவசம் இருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்து மிச்சத்தை வாசித்தார். அதில் இருந்தது ஹம்பக்கர்கூட இல்லை. பி-90 என்ற ஒற்றைச் சுருள். 1970-இல் வெளியான அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு யாரும் கனம் போதவில்லை என்று சொன்னதில்லை.

ஓம் பொய் சொல்லுமென்றால் வேறு எதைப் பார்ப்பது? இண்டக்டன்ஸைப் பாருங்கள், ஹென்றி கணக்கில் சொல்வார்கள். நல்ல தயாரிப்பாளர்கள் கொடுக்கிறார்கள். பிக்கப்பின் சுருளும், கிதாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்தால் சிக்னல் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் எழும்பும். அதற்கு மேல் சரிந்துவிடும். அந்த மேடு எங்கே விழுகிறது என்பதுதான் பிக்கப்பின் குரல். ஐந்து மீட்டர் கேபிள் ஏறத்தாழ 500 பைக்கோ ஃபாரட், பிக்கப்புக்குள் ஒரு 100 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 2.4 ஹென்றி ஒற்றைச் சுருளின் மேடு 4,200 ஹெர்ட்ஸில் விழுகிறது. அதனால்தான் அது கண்ணாடி மாதிரி மின்னுகிறது. 4.5 ஹென்றி ஹம்பக்கருக்கு 3,060. எட்டரை ஹென்றி 'கொதிப்பு' ரகத்துக்கு 2,230. சுற்று ஏற ஏற பலம் கூடுகிறது, ஆனால் மேடு கீழே இறங்கி, மேலே இருக்கும் கூர்மை போய்விடுகிறது. சூடான பிக்கப் தனி வாசிப்புக்கு வழுவழுப்பாக இருந்தும், திரும்பத் திரும்ப வரும் வேகமான ரிஃபில் சேறாகிவிடுவதன் ரகசியம் இதுதான்.

இதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. 4.5 ஹென்றி பிக்கப்பை வைத்துக்கொண்டு கேபிளைப் பத்து மீட்டராக்குங்கள். மேடு 2,260-க்கு இறங்கிவிடும். பெரிய மேடையில் நீளக் கேபிள் இழுத்து வாசிப்பவர், தன் அளவான பிக்கப்பைத் தானே மழுங்கடித்துவிட்டு, கடைக்குப் போய் 'கூர்மையான பிக்கப் இருக்கா' என்று கேட்கிறார். பாதிக் கேபிளை வெட்டினால் போதும் என்று எந்தக் கடைக்காரர் சொல்லப்போகிறார்?

கனத்த வாசிப்புக்கு வேண்டிய இன்னொரு குணம் அடித்தட்டில் இறுக்கம். உள்ளங்கையைக் கம்பியில் அழுத்திக்கொண்டு 'டுகு டுகு' என்று வாசிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனியாக நிற்க வேண்டும். கீழ் அதிர்வுகளுக்கு வீச்சு பெரிது. வெட்டுப்படும் இடத்துக்கு அவைதான் முதலில் போய் மோதி, மற்றதையும் சேர்த்துக் கலக்கும். டியூப் ஸ்க்ரீமர் என்கிற பச்சைப் பெடலைக் கெயினே வைக்காமல் ஆம்ப்புக்கு முன்னால் போடுகிறார்களே, ஏன்? அதற்குள் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகச் சரிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. பாஸை முதலிலேயே குறைத்துவிட்டு வெட்டினால் கனம் கூடும். கேட்க முரணாக இருக்கும். அந்தக் குறைப்பைப் பிக்கப்பே செய்துவிட்டால் ஒரு பெடல் மிச்சம். ஏழு கம்பி, எட்டு கம்பிக் கிதார்களுக்கு இன்று செய்யப்படும் பிக்கப்புகள் பலவும் நடுத்தரச் சுற்றோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காந்த வகையைப் பற்றியும் பெரிய சண்டை நடக்கிறது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ மென்மை, செராமிக் கரடு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். செராமிக் என்பது வேறொன்றுமில்லை, நம் ரேடியோ செட் ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் கறுப்பு வளையம். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து அதை எடுத்து நூலில் கட்டித் தெருமணலில் இழுத்து இரும்புத்தூள் சேர்க்காத பையன் எங்கள் பக்கம் கிடையாது. செராமிக்குக்கு மின்சாரம் கடத்தும் குணம் இல்லை. அல்னிகோ உலோகம், கடத்தும். சுருளின் இண்டக்டன்ஸையும் கொஞ்சம் ஏற்றும். குரலில் தெரியும் வித்தியாசத்தில் ஒரு பங்கு இங்கிருந்தும், இன்னொரு பங்கு எத்தனை சுற்று சுற்றினார்கள் என்பதிலிருந்தும் வருகிறது. காந்தத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்குவதில் அர்த்தமில்லை. கிதாரை எந்த மரத்தில் செய்வது என்ற சண்டை இன்னும் பெரிது. அதில் நான் இறங்குவதாக இல்லை.

நம் இசையும் இந்தப் பட்டையோடு மல்லுக்கட்டியிருக்கிறது. வீணை கிட்ட உட்கார்ந்து கேட்க வேண்டிய வாத்தியம். பெரிய சபாவில் கடைசி வரிசைக்கு எட்டாது. சரி, கிதார் பிக்கப்பை எடுத்து வைத்துவிடலாம் என்றால் ஒரு சிக்கல். மரபான வீணையில் சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் பித்தளை. காந்தம் பித்தளையைத் திரும்பிப் பார்க்காது. மேல் கம்பி முழங்க, கீழ்க் கம்பி ஊமையாகிவிடும். அதனால்தான் தண்டியின் அதிர்வையே கேட்கும் ஒட்டு மைக்குகளும், உள்ளே எஃகு வைத்து மேலே சுற்றிய கம்பிகளும் வந்தன. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வேறு வழி எடுத்தார். ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி இருந்த வாத்தியத்தை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பி போட்ட மின் மாண்டலினை வைத்துக்கொண்டார். ஸ்வரம் நீடித்து நின்றால்தானே கமகம் இழைய முடியும்? ராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானம் படித்த பிரசன்னா, மின் கிதாரிலேயே கீர்த்தனை வாசித்துக் காட்டினார். கடல் தாண்டி, சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா என்ற குழு சம்ஸ்கிருத சுலோகங்களை டெத் மெட்டலில் வாசித்து, அதற்கு வேதிக் மெட்டல் என்று பெயரும் வைத்தது. அங்கேயும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். உறுமலில் நமக்கும் அவர்களுக்கும் சுருதி பேதம் இல்லை.

கெயின் ஏறும்போது வரும் மற்றொரு தொல்லை 'கீச்'. கம்பியைப் பிடித்து நிறுத்தினாலும் நிற்காத, காதைக் கிழிக்கும் கீச். இறுக்கமில்லாமல் சுற்றிய சுருளில் கம்பிகள் தாமே அதிரும். ஸ்பீக்கர் அவற்றை ஆட்ட, அவை சிக்னல் கொடுக்க, ஆம்ப் பெருக்க, ஸ்பீக்கர் மறுபடி ஆட்ட, வட்டம் சுற்றிவிடும். பரிகாரம் மெழுகு. பாரஃபினோடு கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து அறுபது டிகிரிக்குச் சற்று மேலே உருக்கி, பிக்கப்பை அதில் முக்கி வைப்பார்கள். சுருளுக்குள் இருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறும். குமிழ் நின்றால் மெழுகு உள்ளே போய்விட்டது என்று கணக்கு. வெளியே எடுத்து ஆறவிட்டால் ஐயாயிரம் சுற்றும் ஒரே கட்டி. அமெரிக்கக் கிதார்காரர் எடி வான் ஹேலன் வீட்டில் காப்பி டப்பாவில் மெழுகை உருக்கி இதைச் செய்து பார்த்து, கைப்பக்குவம் வருவதற்குள் பல பிக்கப்புகளைப் பாழாக்கினாராம். வீணைக்கு மேளம் கட்டும் ஆசாரிகளுக்கு இந்தப் பக்குவம் புதிதில்லை; 24 மெட்டுகளையும் அவர்கள் உட்கார வைப்பது மெழுகுக் கலவையில்தான். இரண்டுக்கும் எதிரி ஒன்றே, வெயில். அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் கிதாரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

உறுமல், கேபிள் நீளம் இரண்டுக்கும் ஒரேயடியாகத் தீர்வு சொன்னது ஆக்டிவ் பிக்கப். அமெரிக்காவின் இஎம்ஜி நிறுவனத்தின் 81 என்ற மாடல் இதில் பேர்பெற்றது. மெட்டாலிகா குழுவின் இரு கிதார்காரர்களும் அதைப் போட்டு வாசித்ததால் உலகமெங்கும் பரவியது. சுருளைக் குறைவாகச் சுற்றி, பிக்கப்புக்குள்ளேயே ஒரு சின்ன ஆம்ப் வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுவார்கள். அதன் பிறகு கேபிள் பத்து மீட்டரோ இருபது மீட்டரோ, மேடு அசையாது. மேடை மேடையாக, எந்த ஊர் ஒயரிங் எப்படியிருக்குமோ தெரியாமல் வாசிக்கப் போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். விரலின் மென்மை வன்மை கொஞ்சம் தட்டையாகும். கெயின் எப்படியும் அதைத் தட்டையாக்கத்தான் போகிறது. ஒன்று கவனம்: பழைய வால்யூம், டோன் திருகுகள் 500 கிலோ ஓமாக இருக்கும், இதற்கு 25 கிலோ ஓம் வேண்டும். அதை மாற்றாமல் விட்டால் திருகின் ஓரத்தில் கொஞ்சம் அசைத்ததும் சத்தம் சட்டென்று விழும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடவும் வேண்டும். சொருகியிருக்கும் வரை பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் வாசித்துப் பதிவு செய்பவருக்கு ஆக்டிவ் அவசியமில்லை. நாலரையிலிருந்து ஆறு ஹென்றிக்குள் ஒரு ஹம்பக்கர், மெழுகு ஏற்றியது, பிரிட்ஜ் பக்கத்துக்கு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நல்ல வெளிநாட்டுப் பிக்கப் ஒன்றின் விலை தொடக்கநிலைக் கிதாரின் விலையையே தொட்டுவிடும் என்பதால், வாங்குவதற்கு முன் பைசா செலவில்லாத ஒரு காரியம் செய்து பாருங்கள். பிக்கப்பின் இரு முனையிலும் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி அதன் உயரத்தை மாற்றுங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இருக்கும்படி வைத்துத் தொடங்கலாம். மிக நெருக்கினால் காந்தம் கம்பியையே இழுத்துப் பிடித்து, சுருதி தள்ளாடும். அரைச் சுற்று இறக்கினாலே ரிஃப் தெளிந்துவிடுவதும் உண்டு. கனமான கம்பிப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இறக்கினால் சேறு இன்னும் வடியும்.

அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டுமென்றால், டிவி மெக்கானிக்கிடம் கொடுத்தால்கூட சால்டரிங் பத்து நிமிட வேலை. ஆனால் வயர் நிறத்தை நீங்கள் சொல்ல வேண்டும். ஹம்பக்கரிலிருந்து நான்கு வண்ண வயரும் ஒரு வெறும் வயரும் வரும். சீமோர் டங்கன் நிறுவனத்தின் பிக்கப்பில் கறுப்புதான் சிக்னல். சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக முறுக்கி டேப் ஒட்டிவிட வேண்டும். பச்சையும் வெறும் வயரும் எர்த்துக்கு. டிமார்ஸியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் ஜோடி, பச்சை அங்கேயும் எர்த். ஒன்றின் நிறக்கணக்கில் மற்றதை இணைத்தால் எழும் சத்தம் தகரத்தனமாக இருக்கும். பிக்கப் மட்டம் என்று திட்டிக்கொண்டே அதை விற்றுவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு பிக்கப்பும் ஒரே திசையில் பேசுகின்றனவா என்று பார்க்க மல்ட்டிமீட்டர் போதும். 20 கிலோ ஓமில் வைத்து, பிக்கப்பின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஒட்டவிட்டுச் சட்டென்று பிடுங்குங்கள். எண் ஒரு கணம் ஏறும், அல்லது இறங்கும். ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கினால், இரண்டில் ஏதாவது ஒன்றின் சிக்னல் வயரையும் பச்சையையும் இடம் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். வெறும் வயர் மட்டும் எர்த்திலேயே இருக்கட்டும்.